மைசூரில் ஒரு சகாயார்த்த நாடகம்

மைசூரில் குடியிருக்கும் நம்மவர் வீட்டு வாயிலில், ஆண்டில் இரண்டொரு முறையாவது, கையில் இரசீதுப் புத்தகத்துடன் சிலர் வந்து நிற்பதுண்டு. உள்ளூர் நாடகக் குழுவினர் அவர்கள். முதலில் அச்சிட்ட அழைப்பிதழ் ஒன்றை நீட்டுவார்கள். அதன் தலைப்பில் ‘சகாயார்த்த பிரதர்சன’ என்று கன்னட எழுத்தில் இருக்கும். உதவி வேண்டி நடத்தப்பெறும் காட்சி என்பது பொருள். தமிழ்நாட்டில் இதனை உதவி நாடகம் என்போம். பழைய நாடகக்காரர்கள் ‘பெனிபிட்’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். நாடகம் தொடங்குமுன், கலைக்குக் கைகொடுத்த அன்பர் சிலருக்கும், மேடையிலேயே மூப்படைந்த கலைஞர் சிலருக்கும் சால்வை போர்த்தி, மைசூர்ப் பேட்டா என்னும் தலைப்பாகை அணிவித்து, பழத்தட்டு ஒன்றும் கையில் தந்து சிறப்புச் செய்வார்கள். பிறகுதான் திரை உயரும்.

சென்ற முறை இரசீதுப் புத்தகம் வந்தபோது, எங்கள் அலுவலக நண்பர் ஒருவர் உடன் இருந்தார். வந்தவர்கள் படியிறங்கும் வரை பொறுத்திருந்து, “கன்னட நாடகத்துக்கு நாம் ஏன் சார் கொடுக்க வேண்டும்? நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கே பணம் போதாமல் அலைகிறோமே” என்று கேட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. 1991ஆம் ஆண்டின் இறுதியில், காவிரி நீர் பற்றிய பூசலில் இம்மாநிலத்துத் தமிழர் பட்ட துன்பத்தை நேரில் கண்ட குடும்பம் அவருடையது. அன்று நாம் அவருக்கு உடனே விடை சொல்லவில்லை. அந்தக் கேள்வியோடு சில நாட்கள் இருந்து பார்த்தோம். அப்போது நினைவில் கூடிய செய்திகளையே இங்கே நேயர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

மைசூரில் நாடகத்துக்கு முதலில் கொடுத்த கை அரண்மனையின் கை. ஐம்பது ஆண்டு ஆங்கில ஆட்சிக்குப் பின், 1881ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் நாள், நாடு மீண்டும் உடையார் குலத்தின் பொறுப்பில் வந்தது. பதினெட்டு வயதில் ஆட்சியேற்ற பத்தாம் சாமராஜேந்திர உடையார் சங்கீதத்திலும் நாடகத்திலும் பெரும் பற்றுடையவர். மராத்தி நாடகக் குழுக்களும் பார்சி நாடகக் குழுக்களும் ஊர் ஊராகச் சென்று புகழும் பொருளும் குவித்துவந்த காலம் அது. அயல்மொழியில் காணும் இன்பத்தைத் தம் குடிகளின் மொழியிலும் காண விரும்பிய மன்னர், அரண்மனைச் செலவிலேயே ஒரு நாடக சபையை நிறுவினார். ஸ்ரீ சாமராஜேந்திர கர்நாடக நாடக சபா என்பது அதன் பெயர். சாமானிய வழக்கில் அரண்மனைக் கம்பெனி.

கம்பெனி இருந்தால் போதுமா? நடிக்க நாடகம் வேண்டும். அரண்மனைப் புலவராக இருந்த பசவப்ப சாஸ்திரி அந்தக் குறையைத் தீர்த்தார். காளிதாசனின் சாகுந்தலத்தைக் கன்னடமாக்கி ‘அபிநவ காளிதாச’ என்ற பட்டம் பெற்றார். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவை, சூரசேன சரிதம் என்று பெயரையும் களத்தையும் மாற்றி, வெனிஸ் நகரத்து மூரனை நம் நாட்டு வீரனாக்கினார். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தியில் சற்று மயக்கம் உண்டு என்பதை ஒளிப்பானேன்! மொழிபெயர்த்தவனுக்கு அரசன் பட்டம் கொடுத்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. நமக்கு வருடாந்தரப் படி உயர்வோடு சரி.

அரண்மனையின் கொடை பெரிது. ஆயினும் அது ஒரு மனிதரின் ஆயுளோடு கட்டப்பட்ட கொடை. 1894ஆம் ஆண்டு டிசம்பரில், கல்கத்தாவுக்குச் சென்றிருந்த இடத்தில், சாமராஜேந்திரர் நோயுற்று மறைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. பசவப்ப சாஸ்திரியோ அதற்கு மூன்றாண்டு முன்னரே, ஐம்பதை எட்டாமலே காலமாகிவிட்டார். ஆதரித்தவரும் எழுதியவரும் இவ்வாறு அடுத்தடுத்துப் போய்விட்டால், மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு வேடம் புனைந்தவர்களின் நிலை என்னவாகும் என்பதை எண்ணிப்பாருங்கள். கன்னட மேடை அரண்மனை வாயிலைத் தாண்டித் தெருவுக்கு வந்து, டிக்கெட் விற்று வாழக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

தெருவுக்கு வந்த நாடகத்துக்குக் கூடமும் வேண்டுமல்லவா? மைசூரில் ஊரார் ‘டவுன் ஹால்’ என்று அழைக்கும் மண்டபத்தின் முழுப்பெயர் ரங்காசார்லு நினைவு மண்டபம். 1884இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. கூட்டங்களோடு நாடகங்களும் அங்கே நடந்து வந்திருக்கின்றன. யார் இந்த ரங்காசார்லு? செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்து, சென்னையில் பச்சையப்பர் பள்ளியில் படித்து, சென்னை அரசாங்கத்தில் வேலை பார்த்து, பின் மைசூருக்கு வந்து 1881இல் திவானானவர். இந்தியாவின் சுதேச சமஸ்தானங்களில் மக்கள் பிரதிநிதி சபை ஒன்றை முதன்முதலில் கூட்டியவர் அவரே. இரண்டே ஆண்டுகள் திவானாக இருந்து 1883இல் மறைந்தார். அரசாங்க வேலை நிமித்தம் ஊர் விட்டு ஊர் வந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய கூடத்தில் கன்னட நாடகம் வளர்ந்தது என்பதை நம் நண்பருக்கு முதல் விடையாகச் சொல்லலாமா என்று நினைத்தோம். ஆனால் திவான் ஒருவரின் புகழைக் காட்டி, சாதாரணக் குடும்பத்துக்காரரை ஐந்நூறு ரூபாய்க்கு அழைப்பது நியாயமாகப் படவில்லை.

டிக்கெட்டால் வாழ்ந்த நாடகத்தில்தான் உதவி நாடகம் என்ற வழக்கம் ஊன்றியது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் நாடகசாலைகளில், ஆண்டுக்கு ஓர் இரவின் வசூலை ஒரு நடிகருக்கென ஒதுக்கிவிடுவது பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைபெற்ற முறை. மண்டபச் செலவு போக மிஞ்சியது அவருக்கு. அதற்காக அந்த நடிகரே பிரபுக்களின் வீடுதோறும் சென்று டிக்கெட்டு விற்க வேண்டும். நடிகரல்லாதாருக்கும் இவ்வாறு நடத்தியதுண்டு. 1750ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், கவி மில்ட்டனின் பேத்தி வறுமையில் வாடுகிறாள் என்று கேட்டு, துரூரி லேன் நாடகசாலையில் மில்ட்டனின் ‘கோமஸ்’ நடிக்கப்பெற்றது. முன்னுரைக் கவிதையை எழுதித் தந்தவர் டாக்டர் ஜான்சன். மேடையில் அதைச் சொன்னவர் காரிக். மாபெருங்காவியம் பாடியவனின் பேத்திக்கு அந்த ஓர் இரவுதான் ஆங்கில நாடு செய்த உபகாரம்.

நம் தென்னாட்டுக் கம்பெனிகளில் முறை சற்று வேறுபட்டது. ஓர் ஊரில் முகாமிட்டிருக்கும் கம்பெனியிடம் பள்ளிக்கூடக் கமிட்டியோ கோயில் திருப்பணிக்காரர்களோ வருவார்கள். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கம்பெனியுடன் தொகை பேசிக்கொண்டு, டிக்கெட் விலையை உயர்த்தித் தாங்களே விற்று, மிச்சத்தைத் தங்கள் காரியத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். கம்பெனிக்காரர் இளகிய மனமுடையவரானால் பேசிய தொகையிலும் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பார். நம் ஊர்ப்பக்கத்துப் பழைய பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒரு சுவராவது இப்படி ஒரு ராஜபார்ட்டின் தொண்டையிலிருந்து எழுந்ததாகத்தான் இருக்கும். முகாம் முடியும் தறுவாயில் முக்கிய நடிகருக்கென ஓர் இரவு விடப்படும். அன்று உள்ளூர்த் தனவான்கள் மேடையேறி வெள்ளிப் பதக்கம் குத்துவார்கள். காட்சி நடுவே பதக்கம் குத்த வருபவருக்காக அரிச்சந்திரன் சுடலையில் அழுகையை நிறுத்திவிட்டு நிற்க வேண்டும்! ரசனைக்கு இது இடையூறுதான். ஆயினும் அந்தப் பதக்கம் மழைக்காலத்தில் அடகுக்கடைக்குப் போய் அரிசியாகத் திரும்பும் என்பதையும் மறப்பதற்கில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று. நாடகம் நடத்திப் பணம் திரட்டியது பெரும்பாலும் பிறர் காரியங்களுக்காகத்தான். பள்ளிக்கும் பஞ்ச நிவாரணத்துக்கும் கோபுரத்துக்கும் கொடுத்துக்கொண்டே இருந்த மேடை, தனக்கென்று கையேந்தியது மிக அருமை. இன்று நம் வாயிலில் வந்து நிற்கும் இளைஞர்கள் நாடகத்துக்காகவே கேட்கிறார்கள். இது புதிய காலத்தின் வழக்கம்.

கன்னட மேடைக்கும் நமக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலையும் சிறிது பார்ப்போம். 1891ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபை என்னும் தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. அதன் தலைவர் தர்மவரம் ராமகிருஷ்ணமாசார்லு தொழிலால் வக்கீல். படித்தவர்கள் தொழிலுக்காக அன்றிக் கலைக்காக நடித்ததைக் கண்டு வியந்த இளைஞர் ஒருவர், அதுவரை தமிழ் நாடகத்தின்மேல் தமக்கிருந்த அலட்சியத்தை விட்டொழித்து, அதே ஆண்டு ஜூலை மாதம் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர்தாம் பம்மல் சம்பந்த முதலியார். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பல்லாரி, 1953இல் மைசூர் இராச்சியத்தோடு சேர்ந்து, இன்று கருநாடக மாநிலத்து ஊர். அங்கிருந்து வந்தது தெலுங்கு நாடகம். கிளர்ந்தெழுந்தது தமிழ் நாடகம். எந்த மொழிக்கு எந்த மொழி கடன்பட்டது என்று கணக்கெழுத முற்பட்டால் நம் பேரேடு போதாது.

மறுபக்கமும் உண்டு. புதுக் கன்னட நாடகத்தின் தந்தை என்று கன்னடர் கொண்டாடும் டி. பி. கைலாசம், 1884இல் பெங்களூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் பரமசிவ ஐயர் மைசூர் அரசாங்கத்தில் நீதிபதி. மகன் சென்னையிலும் இலண்டனிலும் பூகர்ப்ப சாஸ்திரம் படித்துத் திரும்பி, நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்துசேர்ந்தார். வீட்டுக்கூடத்தில் மக்கள் பேசும் கன்னடத்தை, அதில் கலந்த ஆங்கிலத்தோடு அப்படியே மேடையேற்றியவர் அவர். 1945இல் கன்னட சாகித்திய சம்மேளனம் சென்னையில் கூடியபோது அதற்குத் தலைமை வகித்தவரும் அவரே. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, தமிழ்நாட்டின் தலைநகரில், கன்னடப் புலவர்களுக்குத் தலைவராக வீற்றிருந்த அந்தக் காட்சியை நினைத்தாலே சுவையாக இருக்கிறது.

இனி, நாம் சொல்லவந்த கதையின் நடுநாயகத்துக்கு வருவோம். அவர் குப்பி வீரண்ணா. தும்கூர் மாவட்டத்தில் குப்பி என்பது ஒரு சிற்றூர். 1884இல் அவ்வூர்க்காரர் சிலர் சேர்ந்து ஒரு நாடகக் கம்பெனி தொடங்கினர். சிறு பிள்ளையாக அதில் சேர்ந்து, நகைச்சுவை நடிகராக வளர்ந்து, பின்னர் கம்பெனியின் உரிமையாளராகவே ஆனவர் வீரண்ணா. மைசூர் மன்னர் அவருக்கு நாடக ரத்னம் என்ற பட்டம் தந்தார். 1934இல் அவர் மேடையேற்றிய குருட்சேத்திரத்தில் உண்மையான யானைகளும் குதிரைகளும் மேடைக்கு வந்தன. இந்தக் கம்பெனி கன்னட நாட்டோடு நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டிலும் ஆந்திர நாட்டிலும் முகாமிட்டு நடித்தது. கன்னடம் அறியாத கூட்டமும் டிக்கெட் வாங்கிப் பார்த்தது. நம் பாட்டனார் காலத்தவர் குப்பி கம்பெனியின் காட்சிச் ஜோடனைகளைப் பற்றி ஆண்டுகள் கழித்தும் வாய் ஓயாமல் பேசியிருக்கிறார்கள்.

யானையைக் கட்டித் தீனி போட்டவர் என்பதற்காக மட்டும் நாம் அவரை நடுநாயகம் என்று சொல்லவில்லை. அவர் கம்பெனியில் சாப்பாடும் பாடமும் ஒன்றாகவே கிடைத்தன. பிற்காலத்தில் டாக்டர் ராஜ்குமார் என்று கன்னட உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடிய முத்துராஜு, தந்தையாரோடு அந்தக் கம்பெனியில் வளர்ந்த பிள்ளை. அவர் பிறந்த காஜனூர் இன்று தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்து எல்லையில் இருக்கிறது. கதாநாயகனாக அவர் தோன்றிய முதற்படமான ‘பேடர கண்ணப்பா’ 1954இல் வெளிவந்தது. நம் கண்ணப்ப நாயனார் கதைதான் அது. நஞ்சன்கூட்டைச் சேர்ந்த ஜி. வி. ஐயரும் அந்தக் கம்பெனியிலிருந்து வந்தவரே. பிற்காலத்தில் அவர் ஆதி சங்கரர் வரலாற்றைச் சமஸ்கிருத மொழியிலேயே படமாக எடுத்து, 1983இல் அம்மொழியின் முதல் திரைப்படத்தைத் தந்தார்.

இவர்களோடு இன்னொரு பையனும் இருந்தான். தென் கன்னட மாவட்டத்தில் பண்ட்வாள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 1929இல் பிறந்தவன். நாடகப் பித்து ஏறி, வீட்டைவிட்டு ஓடி வந்து குப்பி கம்பெனியில் சேர்ந்தான். பையன் நன்றாகப் பாடினான், நடித்தான். வேறு முதலாளியாக இருந்தால் இன்னும் பத்து வருஷம் அவனைப் பெண்வேடம் போடவைத்துப் பணம் பண்ணியிருப்பார். வீரண்ணாவோ அவனைப் படிக்க வேண்டும் என்று சொல்லிக் காசிக்கு அனுப்பினார். அங்கே அவன் இந்தியில் எம்.ஏ. பட்டம் பெற்றான். பண்டித ஓங்கார்நாத் தாகூரிடம் இந்துஸ்தானி சங்கீதமும் கற்றான். அந்தப் பையனே பி. வி. காரந்த்.

கம்பெனி நாடகம் சினிமாவின் முன் நிலைதளர்ந்த காலம் அது. வசூல் குறைந்துகொண்டிருந்த ஒரு தொழிலின் தலைவர், அந்தத் தொழிலுக்கு உடனே பயன்படாத படிப்புக்காக ஒரு பிள்ளையை ஆயிரம் மைலுக்கு அப்பால் அனுப்பிவைத்தார் என்றால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது? மேடையில் சால்வை போர்த்திக்கொள்ளாத கொடை இது. அழைப்பிதழில் பெயர் அச்சிடப்பெறாத கொடை. தமிழ்நாட்டுக் கம்பெனி வாத்தியார்கள் பலரும் இவ்வகைப் பெருந்தன்மை உடையவர்களாக இருந்தார்கள் என்று கேட்டிருக்கிறோம். ஆனால் தம் கம்பெனியை விட்டே பிள்ளையை வெளியே அனுப்பிய மனம் அரிதினும் அரிது என்பது நம் எண்ணம்.

காரந்த் டில்லியில் தேசிய நாடகப் பள்ளியில் பயின்று, 1977இல் அதற்கே இயக்குநரானார். பிறகு போபாலில் பாரத பவனத்து நாடக அரங்கை உருவாக்கினார். பிறமொழி நாட்டிலே வேலை பார்த்து வாழ்ந்த நம்மைப் போன்ற ஒருவர்தாம் அவரும். ஊருக்குத் திரும்பியது 1989இல். கருநாடக அரசு மைசூரில் ரங்காயணம் என்னும் நாடக நிறுவனத்தை அமைத்து அதை அவர் கையில் ஒப்படைத்தது. நடிகர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. கலாமந்திரத்தின் வளாகத்தில் மரங்களுக்கிடையே வனரங்கம் என்ற திறந்தவெளி அரங்கும், பூமிகீதம் என்ற சிற்றரங்கும் உள்ளன. பஹுரூபி என்ற பெயரில் பன்மொழி நாடக விழாவும் நடத்தி வருகிறார்கள். கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கான சின்னர மேளா உண்டு. நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் அதற்குப் போய், கன்னடப் பாட்டு நாலும் முகத்தில் சாயமுமாகத் திரும்பி வருவதைப் பார்க்கிறோம். வீரண்ணாவின் பேத்தி பி. ஜெயஸ்ரீயும் பின்னொரு காலத்தில் இதே ரங்காயணத்துக்கு இயக்குநராக இருந்தார். காசிக்குப் போட்ட காசு இவ்வளவு தூரம் சுற்றிவந்து அந்த வீட்டு வாயிலிலேயே நின்றது.

அரண்மனைச் சம்பளம் ஒரு நூற்றாண்டுக்குப் பின் அரசாங்கச் சம்பளமாகத் திரும்பிவிட்டது என்று இதைச் சொல்லலாம். மன்னர் மறைந்தால் முடிந்துபோகும் ஆதரவன்று இது. ஆனால் அரசாங்கப் பணத்துக்குக் கோப்பு உண்டு, குறிப்பு உண்டு, தணிக்கை உண்டு. கோப்புகளோடு காலந்தள்ளும் நமக்கு அதன் நடை தெரியும். சிரிப்புக்கு முன் அனுமதி பெற வேண்டிய நிலை கலைக்கு நல்லதன்று. மைசூரிலேயே பிறந்த மாஸ்டர் ஹிரண்ணையா, தந்தையார் கே. ஹிரண்ணையா விட்டுச்சென்ற குழுவை நடத்திக்கொண்டு, லஞ்சாவதாரம் என்ற நாடகத்தில் அதிகாரிகளையும் அரசியல்வாதிகளையும் பல்லாண்டு காலம் வாங்கு வாங்கென்று வாங்கினார். டிக்கெட் வாங்கும் மக்கள் ஒருவருக்கே அவர் கடன்பட்டிருந்தார். அதனால்தான் அந்த வாய்க்கு அவ்வளவு துணிவு. 2019இல் அவர் மறைந்தபோது அவருடைய நையாண்டிக்கு ஆளானவர்களின் வாரிசுகளும் அஞ்சலி செலுத்தினார்கள்.

மைசூரின் கை தன் நாட்டு எல்லைக்குள் மட்டும் கொடுத்த கையன்று என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடைசி மன்னர் ஜெயசாமராஜ உடையார் பெரிய சங்கீத ரசிகர். இரஷியாவை விட்டு வெளியேறி இலண்டனில் உடல்நலம் குன்றி, உலகம் மறந்துவிட்ட நிலையில் வாழ்ந்த நிகலாய் மெட்னர் என்னும் இசைமேதையின் இசையை இசைத்தட்டுகளில் பதிவுசெய்ய அவர் பொருளுதவி செய்தார். மெட்னர் 1951இல் மறைந்தார். தம் மூன்றாவது பியானோ கன்சர்ட்டோவை மைசூர் மன்னருக்கே காணிக்கையாக்கியிருந்தார். இரஷியக் கலைஞர் கன்னடம் அறிவாரா என்று மன்னர் கேட்கவில்லை. இந்தச் செய்தியை நம் நண்பரிடம் சொன்னபோது அவர் முதன்முறையாகச் சிரித்தார். “மகாராஜாவுக்கு என்ன சார், பொங்கல் விழாவுக்கு வசூல் பண்ண வேண்டிய கவலையா?” என்றார்.

வானொலியின் பக்கத்தில் எழுதும்போது இன்னொரு மைசூர்க்காரரை விட்டுவிட மனம் வரவில்லை. 1935இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்து மனோதத்துவப் பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி தம் வீட்டிலேயே, தம் சொந்த முயற்சியில், ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தை நிறுவினார். ஆகாசவாணி என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைச் சொன்னவர் எழுத்தாளர் நா. கஸ்தூரி என்பர். சில ஆண்டுகளுக்குப் பின் மைசூர் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. பேராசிரியர் ஒருவர் வீட்டில் பிறந்த பெயர் பின்னர் நாடு முழுதுக்கும் உரிய பெயராயிற்று. தமிழர்களாகிய நாம் மட்டும் வானொலி என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டோம். நல்ல சொல்தான். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நம் வாக்கும் அதற்கே. ஆயினும் மைசூரில் அந்தத் தெரு வழியே நடக்கும்போது பழைய பெயரையும் மரியாதையோடுதான் நினைக்கிறோம்.

உதவி நாடகத்தன்று மாலை நாம் போனோம். நண்பரும் வந்தார், நம் வற்புறுத்தலால் அன்று. அவர் மகள் சின்னர மேளாவில் சேர்ந்தவளாம், அவள் பிடிவாதம். கூடத்தில் முக்கால் பங்கு இருக்கைகள் நிறைந்திருந்தன. வழக்கம்போல் வரவேற்புரை நீண்டது. கொடையாளர் ஐவருக்குப் பேட்டா அணிவித்தார்கள். அவர்களுள் ஒருவருக்குத் தலைப்பாகை பெரிதாகிக் கண்வரை இறங்கிவிட, குழந்தைகள் சிரித்தார்கள். பிறகு கலைஞர்கள். ஆர்மோனியம் வாசித்து நாற்பது ஆண்டுகள் கழித்த முதியவர் ஒருவரை இருவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். சால்வையைப் பெற்றுக்கொண்டவர் ஒலிபெருக்கியின் முன் நின்றார். பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் ஆர்மோனியம் எங்கே என்று கேட்டார். கொண்டுவந்து வைத்தார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத கால் மணி நேரம் அது. பழைய கம்பெனி மெட்டுகள் நாலைந்து. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டு மேடையிலும் இந்துஸ்தானி மெட்டு என்று வழங்கியது. நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை எங்கள் தாத்தா முணுமுணுப்பார் சார்” என்றார். மெட்டு வடக்கேயிருந்து பார்சிக் கம்பெனி வழியாக வந்ததா, கன்னட மேடை வழியாக வந்ததா, நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

இடைவேளையில் இரசீதுப் புத்தகம் மறுபடியும் வரிசைக்கு வந்தது. நண்பர் நூறு ரூபாய் கொடுத்தார். பொங்கல் விழாவுக்கு அவர் எழுதியதில் அது பாதி என்பதை நமக்கு நினைவுபடுத்தவும் அவர் தவறவில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்த பெண் நம் பெயரைக் கேட்டு எழுதினாள். நம் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அவள் அதை ளகரமாக எழுதினாள். பழைய கன்னடத்திலும் ழகரத்துக்கு ஓர் எழுத்து இருந்தது. நூற்றாண்டுகளுக்கு முன்பே அது வழக்கொழிந்துவிட்டது. அதை அவளுக்குச் சொல்லலாமென்று வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. விளக்குகள் அணைந்தன. இரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம்.